96 சென்டிமார்கன் டர்பன் உறவு: அப்பா வழியா, அம்மா வழியா?

#1 வடஆர்க்காட்டான் · ஜனவரி 12, இரவு 9:40

எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முன்பு முன்னோருக்குப் படைக்கும்போதெல்லாம் ஒரு சச்சரவு நடக்கும். என் தாத்தாவின் அண்ணன், கிணற்று முறைத் தண்ணீர்த் தகராறில் தம்பியோடு கோபித்துக்கொண்டு 1909 வாக்கில் குடியாத்தம் பக்கத்து ஊரைவிட்டுப் போனவர். தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குக் கப்பலேறிவிட்டார் என்று பேச்சு. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஆளுக்கு வேட்டி வைத்துப் படைக்கக் கூடாது என்று பாட்டி பிடிவாதமாக இருந்தாள். பாட்டி போய் நாற்பது ஆண்டு ஆகிறது. பெரிய தாத்தா இன்று இருந்தால் வயது 135 இருக்கும். இன்னும் வேட்டி வைக்கவில்லை.

போன ஆண்டு மகன் விடுமுறையில் வந்தபோது டிஎன்ஏ பரிசோதனைக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தான். வேடிக்கையாகத்தான் செய்தேன். முடிவு வந்தபோது பட்டியலில் நம்மூர்க்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். மீதியெல்லாம் மொரீசியஸ், தென்னாப்பிரிக்கா, மலேசியா. அதில் டர்பனில் ஓர் அம்மையார். என்னோடு 96 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளை அளக்கும் அலகு) பொருந்துகிறார். ஐந்து துண்டுகள், மிகப் பெரியது 31. சோதனைத் தளம் தரும் யூகம்: இரண்டுவிட்ட உறவின் பிள்ளை அல்லது மூன்றுவிட்ட உறவு. (தாத்தா பாட்டி பொது என்றால் ஒன்றுவிட்டவர், கொள்ளுத் தாத்தா பாட்டி பொது என்றால் இரண்டுவிட்டவர், அதற்கும் ஒரு தலைமுறை மேலே என்றால் மூன்றுவிட்டவர்.) எனக்கும் அவருக்கும் பொதுவாகப் பொருந்துகிறவர்கள் 14 பேர். அதில் என் மாமன் மகனும் இருக்கிறான்.

கணக்குச் சரியாக வருகிறது. பெரிய தாத்தாவின் கொள்ளுப் பேத்தி என்றால் எனக்கு இரண்டுவிட்ட உறவின் பிள்ளைதான். அவருக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் ஒரு பார்வை பாருங்கள்.

#2 மீனம்பாக்கம் · ஜனவரி 12, இரவு 10:05

இதில் பார்வை பார்க்க என்ன இருக்கிறது? ஊர் பொருந்துகிறது, நாடு பொருந்துகிறது, எண் பொருந்துகிறது. பத்துப் பொருத்தத்தில் மூன்று போதாதா? வாழ்த்துகள். நாளைக்கே எழுதுங்கள். வேட்டியும் வாங்கிவிடுங்கள்.

#3 கொடிவழி · ஜனவரி 13, அதிகாலை 4:20

மீனம்பாக்கம் அண்ணா, மூன்று பொருத்தத்தில் கல்யாணம் செய்துவைத்தால் பிறகு யார் பஞ்சாயத்துப் பேசுவது?

வடஆர்க்காட்டான் ஐயா, எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், பிறந்தது யாழ்ப்பாணம். பதினொரு ஆண்டாக இந்த வேலையில் கிடந்து மாரடிக்கிறேன். முதல் ஆறு மாதத்தில் நான் தவறாக முடிச்சுப் போட்ட உறவுகளை அவிழ்க்க இரண்டு ஆண்டு ஆயிற்று.

தளம் உங்களுக்குச் சொன்ன யூகத்தை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று சொல்கிறேன். சோதனை செய்துகொண்டவர்களே தங்கள் உறவையும் எண்ணையும் அனுப்பி வைக்க, அமெரிக்கரான பிளெய்ன் பெட்டிங்கர் அவற்றைத் திரட்டி ஓர் அட்டவணை செய்தார். 2020இல் வந்த நான்காவது பதிப்பில் ஏறத்தாழ 60,000 பதிவுகள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அதன்படி ஒன்றுவிட்ட உறவுக்குச் சராசரி 866, இரண்டுவிட்ட உறவுக்கு 229, அதன் பிள்ளைக்கு 122, மூன்றுவிட்ட உறவுக்கு 73. ஆனால் சராசரியைப் பார்த்து மயங்காதீர்கள், எல்லையைப் பாருங்கள். இரண்டுவிட்ட உறவின் பிள்ளை 14லிருந்து 353 வரை எங்கும் விழலாம். மூன்றுவிட்டவர் பூஜ்யத்திலிருந்து 234 வரை. உண்மையான மூன்றுவிட்ட உறவுகளிலேயே பத்தில் ஒருவர் போல ஒன்றுமே பொருந்தாமல் போவார். நான்குவிட்டவர்களில் பாதிப் பேர் அப்படி. 96 என்பது இந்த எல்லா அறைக்குள்ளும் நுழையும் சாவி.

இன்னொன்று. அந்தப் பதிவுகள் பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களுடையவை. அப்பாவின் ஆட்கள் ஒரு பக்கம், அம்மாவின் ஆட்கள் மறுபக்கம், நடுவில் சுவர். நம் வீடுகளில் அந்தச் சுவர் எங்கே இருக்கிறது? மாமன் மகளைக் கட்டுகிறோம், அக்காள் மகளைக் கட்டுகிறோம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். தளத்துக்கு மச்சானும் தெரியாது, பங்காளியும் தெரியாது. எல்லோரும் ஒரே சொல்.

ஆகவே மூன்று கேள்வி. உங்கள் தாத்தா பாட்டி கல்யாணத்துக்கு முன்பே உறவா? அப்பா அம்மா? அந்த மாமன் மகனின் அம்மா யார்?

#4 இழைக் கண்காணிப்பாளர் · ஜனவரி 13, காலை 8:15

முதல் பதிவோடு இருந்த திரைப்பிடிப்பில் (ஸ்கிரீன்ஷாட்) டர்பன் அம்மையாரின் பெயரும் முகமும் தெரிந்தன. நீக்கியிருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் பெயர் இங்கே வேண்டாம்.

#5 வடஆர்க்காட்டான் · ஜனவரி 13, மாலை 6:30

மன்னிக்கவும், படத்தை யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

கொடிவழி அம்மா, மூன்றுக்கும் பதில் இருக்கிறது, மூன்றும் உங்களுக்குப் பிடிக்காது.

தாத்தா கட்டியது தன் மூத்த அக்காளின் மகளை. அதாவது பெரிய தாத்தா, பாட்டிக்கு மாமன். பிறகு மூத்தாரும் ஆனார்.

அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன் நேர் உறவு இல்லை. தூரத்து உறவு உண்டு என்பார்கள், எப்படி என்று சொல்ல ஆள் இல்லை.

மாமன் மகனின் அம்மா என் அப்பாவின் தங்கை. ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். இவர் அவருக்குத் தங்கையைக் கொடுத்தார், அவர் இவருக்குத் தங்கையைக் கொடுத்தார்.

இதில் ஒரு கதையும் நடந்தது. மாமன் மகன் பெங்களூரில் இருக்கிறான், எனக்கு முன்பே சோதனை செய்தவன். என் முடிவு வந்த அன்று பட்டியலின் உச்சியில் அவன் நின்றான்: 1,790 சென்டிமார்கன். பக்கத்தில் தளத்தின் யூகம்: ஒரே அப்பாவுக்கு அல்லது ஒரே அம்மாவுக்குப் பிறந்த சகோதரன். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அதற்குள் மகன் அதைக் குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டான். அன்று இரவு பெங்களூரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பை நான் எடுக்கவில்லை.

#6 ஆய்வகத்தாள் · ஜனவரி 13, இரவு 9:10

அழைப்பை எடுத்திருக்கலாம் ஐயா. இதில் ரகசியமே இல்லை. உங்கள் இருவருக்கும் நான்கு தாத்தா பாட்டிகளும் பொது. சாதாரண ஒன்றுவிட்டவர்களுக்கு இரண்டு பேர்தான் பொது. அதனால் பங்கு இரண்டு மடங்கு ஆகி, அரைச் சகோதரர்களின் அளவுக்கு வந்து நிற்கிறது. எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஆனால் படத்தை வைத்துப் பிரிக்கலாம். இருவரின் டிஎன்ஏ கோப்புகளையும் ஜெட்மேட்ச் என்ற ஒப்பீட்டுத் தளத்தில் ஏற்றி ஒருவருக்கொருவர் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு குரோமோசோமிலும் நம்மிடம் இரண்டு பிரதி: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. குரோமோசோம் பட்டையில் ஒரு பிரதி மட்டும் பொருந்தினால் மஞ்சள், இரண்டு பிரதியும் பொருந்தினால் பச்சை. அரைச் சகோதரர்களுக்குப் பொதுவாக இருப்பது ஒரு பெற்றோர் மட்டும். ஆகவே நீளமான பச்சை வராது. உங்களுக்கு அப்பா வழியிலும் பொருந்தும், அம்மா வழியிலும் பொருந்தும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் பச்சை. பதினாறில் ஒரு பங்கு போல வரவேண்டும். அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

அங்கேயே பெற்றோர் உறவினர்களா என்று பார்க்கும் கருவி ஒன்றும் உண்டு. உங்கள் ஒரு கோப்பு போதும். அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததும் நீளத்துக்கு ஒரே மாதிரி இருக்கும் இடங்களைத் தேடித் தரும். மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு மொத்தம் 220 அளவில் வரலாம், அக்காள் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு 440 அளவில். பார்த்துச் சொல்லுங்கள்.

#7 வடஆர்க்காட்டான் · ஜனவரி 14, பிற்பகல் 3:00

பச்சை வந்தது. கோடு கோடாக, ஏழெட்டு குரோமோசோம்களில். பெங்களூருக்கு நானே தொலைபேசியில் பேசினேன். சிரித்தான். ஆனால் அவனும் இரண்டு இரவு தூங்கவில்லையாம்.

பெற்றோர் கருவி காட்டியது மொத்தம் 58, பெரிய துண்டு 17.

#8 கணக்கர் · ஜனவரி 14, இரவு 8:45

58 என்பது இரண்டுவிட்ட உறவில் கல்யாணம் நடந்தால் வரும் அளவு. உங்கள் அப்பாவும் அம்மாவும் அப்படியே இருக்கலாம். அல்லது பல பழைய உறவுகள் சில்லறையாகச் சேர்ந்து 58 ஆகியிருக்கலாம். பெரிய துண்டு 17 என்பதால் நான் இரண்டாவதை நம்புகிறேன்.

இப்போது டர்பனுக்கு வருவோம். நான் முப்பது ஆண்டு புள்ளியியல் பாடம் நடத்தியவன், கணக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது.

உங்கள் அப்பாவுக்குப் பெரிய தாத்தா இரண்டு முறையில் உறவு. தன் அப்பாவின் அண்ணன் என்பதால் பெரியப்பா: நான்கில் ஒரு பங்கு. தன் அம்மாவின் தாய்மாமன் என்பதால் இன்னும் எட்டில் ஒரு பங்கு. கூட்டினால் எட்டில் மூன்று. அதாவது சாதாரணப் பெரியப்பாவைவிட ஒன்றரை மடங்கு. இந்த ஒன்றரை உங்களுக்கும் அப்படியே இறங்குகிறது. ஆகவே டர்பன் அம்மையார் நிஜமாகவே பெரிய தாத்தாவின் கொள்ளுப் பேத்தியாக இருந்தால் எதிர்பார்க்க வேண்டியது 122 அல்ல, 180 பக்கம்.

உங்களிடம் இருப்பது 96. நெருங்கிய கல்யாணங்களால் எண் பெருத்துப்போகும், ஆகவே உறவு தூரமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அதே காரணத்தால் உங்கள் கதையே தன்னை எதிர்த்துச் சாட்சி சொல்கிறது. அவர் அவ்வளவு நெருக்கம் என்றால் எண் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். 96 சாத்தியமில்லை என்று சொல்லவில்லை. பந்தயம் கட்டச் சொன்னால் நான் கட்டமாட்டேன்.

#9 மீனம்பாக்கம் · ஜனவரி 14, இரவு 9:30

கணக்கர் ஐயா, எல்லாம் சரி. பொதுப் பொருத்தம் 14 பேர் இருக்கிறார்களே? பதினான்கு பேரும் சேர்ந்து பொய் சொல்வார்களா?

#10 ஆய்வகத்தாள் · ஜனவரி 14, இரவு 10:20

பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் மூன்று பேர். முதலாமவருக்கு இரண்டாமவர் மச்சான். இரண்டாமவருக்கு மூன்றாமவர் பங்காளி. மூன்றாமவருக்கு முதலாமவர் அவருடைய பெரியம்மா மகன். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் உறவு. ஆனால் மூவருக்கும் பொதுவான ஒரு பாட்டன் கிடையாது. பொதுப் பொருத்தப் பட்டியல் சொல்வது இவ்வளவுதான்: இவருக்கு அவரும் உறவு, இவரும் உறவு. எந்த வழி என்று சொல்லாது. வெள்ளைக்காரக் குடும்பங்களில் அந்த வழியைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். நம் கல்யாண வீட்டில் முடியாது.

வழி தெரிய வேண்டுமானால் துண்டைப் பார்க்க வேண்டும். மூன்று பேரும் ஒரே குரோமோசோமில், ஒரே இடத்தில், ஒவ்வொருவரும் மற்ற இருவரோடும் பொருந்த வேண்டும். மூன்றாவது நிபந்தனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் உங்களிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒருவர் அப்பா பிரதியோடும் மற்றவர் அம்மா பிரதியோடும் பொருந்தியிருக்கலாம். அவர்கள் இருவரையும் தங்களுக்குள் ஒப்பிட்டால்தான் தெரியும். குரோமோசோம் படத்தையே காட்டாத தளங்களும் உண்டு. அங்கே இந்த வேலை நடக்காது.

இதற்கு மேல் நம் சமூகங்களின் பழைய கதை வேறு. 2017இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, தெற்காசியாவில் 260க்கு மேற்பட்ட குழுக்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை. அதனால் முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரே சமூகம் என்ற ஒரே காரணத்தால், இருபது முப்பது சென்டிமார்கன் சில்லறையைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள்.

#11 ரப்பர்தோட்டம் · ஜனவரி 15, காலை 7:00

கிள்ளானிலிருந்து வணக்கம். 2018இல் டேனா லீட்ஸ் என்ற அம்மையார் ஒரு முறையைச் சொன்னார். 90க்கும் 400க்கும் இடைப்பட்ட பொருத்தங்களை வரிசையாக எழுதி, ஒருவரோடு ஒருவர் பொருந்துகிறவர்களுக்கு ஒரே நிறம் தீட்டினால், நான்கு தாத்தா பாட்டிக்கும் நான்கு நிறம் தனியாகப் பிரியும். ஆசையாக உட்கார்ந்தேன். முதல் நிறம் பச்சை. எழுதிய பெயர் அத்தனையும் பச்சை. மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, வயல் வரைகிறீர்களா?" என்று கேட்டாள்.

#12 சோழன்வழி · ஜனவரி 15, பகல் 11:30

பொருத்தம் என்று கணக்கில் எடுக்கும் மிகச் சிறிய துண்டின் எல்லையை நான் 3 சென்டிமார்கனுக்கு இறக்கிப் பார்த்தேன். எனக்கு 4,000 பொருத்தங்கள் வந்தன. கும்பகோணம், தஞ்சாவூர், பழையாறை வேர் உள்ளவர்கள் நிறைய. சின்னத் துண்டு என்றால் பழைய துண்டு. ஆயிரம் ஆண்டு பழையது. அரச வம்சத்தின் தடம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

#13 ஆய்வகத்தாள் · ஜனவரி 15, பகல் 12:10

எல்லையை 1க்கு இறக்கிப் பாருங்கள், ஜூலியஸ் சீசரும் வருவார்.

கேலிக்கு மன்னிக்கவும். காரணம் இதுதான். கருவி ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எழுத்தைப் படிக்கிறது. எது அப்பாவுடையது, எது அம்மாவுடையது என்று அதற்குத் தெரியாது. இரண்டு பேர் எழுதிய இரண்டு வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து என்று பொறுக்கினால் வேண்டிய சொல்லைச் செய்துவிடலாம். சின்னத் துண்டுகளில் அப்படிச் செய்த சொற்களே அதிகம். 15க்கு மேல் பெரும்பாலும் நம்பலாம், 7க்குக் கீழே தொடாதீர்கள். வடஆர்க்காட்டான் ஐயாவின் 31 நிச்சயம் உண்மைத் துண்டு. அது யார் வழி என்பதுதான் வழக்கு.

#14 கொடிவழி · ஜனவரி 15, இரவு 7:40

வழக்கை முடிக்க மூத்த தலைமுறையைத் தேடுங்கள் ஐயா. ஒவ்வொரு தலைமுறை மேலே போகும்போதும் கையில் கிடைக்கும் துண்டு சராசரியாக இரட்டிக்கிறது. அப்பாவின் உடன்பிறந்தார் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் குழாயை வாங்குங்கள். என் அம்மம்மாவிடம் வருகிற கோடையில் கேட்கலாம் என்று நான் விட்ட கோடை இன்னும் வரவில்லை.

#15 வடஆர்க்காட்டான் · ஜனவரி 27, மாலை 5:15

பெரிய அத்தை இருக்கிறார், 83 வயது. நேற்று போய் வந்தேன். சோதனைக்கு முன் அரை மணி நேரம் ஒன்றும் வாயில் போடக் கூடாது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. அத்தைக்கு வெற்றிலை இல்லாமல் அரை மணி நேரம் என்பது ஓர் ஏகாதசி. கொப்பளிக்க வைத்து, காவலுக்கு உட்கார்ந்து, பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள் சுழற்றி எடுத்தபோது குச்சி இளஞ்சிவப்பாக வந்தது. அது சுண்ணாம்பா இரத்தமா என்று தெரியவில்லை. இன்னொரு குச்சி இருந்தது, பிழைத்தேன். பெரிய தாத்தாவைத் தேடுகிறோம் என்றதும், "கிடைத்தால் என் அப்பன் பங்குக் கிணற்றில் பாதி கேட்பானே?" என்றார்.

#16 வடஆர்க்காட்டான் · மார்ச் 18, இரவு 8:00

முடிவு வந்துவிட்டது. அத்தைக்கும் டர்பனுக்கும் 109. இரட்டிக்கவில்லை. விவரம்:

எனக்கு: 7ஆம் குரோமோசோமில் 31, 4இல் 24, 11இல் 18, 2இல் 14, 15இல் 9.
அத்தைக்கு: 4இல் 29, 9இல் 27, 2இல் 22, 11இல் 18, 20இல் 13.

என் பெரிய துண்டான 31 அத்தையிடம் இல்லவே இல்லை. ஆனால் அதே இடத்தில் மாமன் மகனுக்கும் டர்பனுக்கும் பொருந்துகிறது, எனக்கும் அவனுக்கும் பொருந்துகிறது.

#17 மீனம்பாக்கம் · மார்ச் 18, இரவு 8:25

அப்படியானால் அது அம்மா வழி. அப்பாவின் அக்காளிடம் இல்லை, அம்மாவின் அண்ணன் மகனிடம் இருக்கிறது. நானும் கற்றுக்கொண்டுவிட்டேன் பாருங்கள்.

#18 கணக்கர் · மார்ச் 18, இரவு 9:15

பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள்.

அத்தையிடம் இல்லை என்பதால் அப்பாவிடம் இல்லை என்று ஆகாது. உடன்பிறந்தவர்களுக்கு ஒரே பானையிலிருந்துதான் பரிமாறப்படுகிறது, ஆனால் ஆளுக்கு ஒரு கரண்டி. ஒருவருக்கு விழுந்தது மற்றவருக்கு விழாமல் போகலாம். இருப்பது சாட்சி, இல்லாமை சாட்சி அல்ல.

மாமன் மகனிடம் இருப்பதும் சாட்சி அல்ல. அவனுடைய அம்மா யார்? உங்கள் சின்ன அத்தை. 31ஐ அவன் தன் அப்பாவிடமிருந்தும் பெற்றிருக்கலாம், அம்மாவிடமிருந்தும் பெற்றிருக்கலாம். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடத்திச் செலவை மிச்சம் பிடித்தார்கள். அந்தக் கணக்கு இப்போது உங்கள் தலையில் விழுகிறது.

உங்கள் அப்பாவின் குடும்பத்தில் வாழ்க்கைப்படாத, அம்மாவின் உடன்பிறந்தார் ஒருவர் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய தாத்தாவின் கொள்ளுப் பேத்தி என்றால் அத்தைக்கு வரவேண்டிய எண் சாதாரணக் குடும்பத்திலேயே 221 சராசரி. உங்கள் வீட்டில் 300ஐத் தாண்ட வேண்டும். வந்தது 109. முதலில் பந்தயம் கட்டமாட்டேன் என்றேன். இப்போது எதிர்ப் பக்கத்தில் கட்டுகிறேன்.

#19 வடஆர்க்காட்டான் · மார்ச் 19, காலை 6:50

சித்தி இருக்கிறார். அம்மாவின் தங்கை, வாலாஜா பக்கம் அந்நியத்தில் கொடுத்தது. அந்தக் காலத்தில் அந்நியத்தில் கொடுத்தார்கள் என்று பாட்டி அழுதாளாம். எனக்கு இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

#20 வடஆர்க்காட்டான் · மே 9, இரவு 9:30

சித்திக்கும் டர்பனுக்கும் 63. அதில் 7ஆம் குரோமோசோமில் 34. என் 31 அதற்குள் அப்படியே அடங்குகிறது. நான், சித்தி, டர்பன் அம்மையார் மூவரும் ஒருவருக்கொருவர் அந்த இடத்தில் பொருந்துகிறோம். 4, 11, 2 ஆகிய குரோமோசோம்களில் என்னிடம் இருப்பவை அத்தையிடமும் இருக்கின்றன, சித்தியிடம் இல்லை. 15இல் உள்ள 9ஐ யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

ஆக 31 அம்மா வழி, 56 அப்பா வழி.

#21 கொடிவழி · மே 10, அதிகாலை 3:50

தலைப்பில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: இரண்டும்.

ஒரே நெருங்கிய உறவு என்று தளம் கூட்டிச் சொன்ன 96, உண்மையில் இரண்டு தூரத்து உறவுகளின் கூட்டுத்தொகை. அப்பா வழி 56ஐத் தனியாக வைத்தால் மூன்றுவிட்டவரோ நான்குவிட்டவரோ. அம்மா வழி 31 இன்னும் தூரம். உங்கள் பெற்றோரின் 58க்கும் இதே பழைய குடும்பங்கள் காரணமாக இருக்கலாம்.

இனிமேல் கோப்பை மூடிவிட்டுக் காகிதத்தைத் திறவுங்கள்.

#22 ரப்பர்தோட்டம் · மே 10, காலை 8:30

காகிதம் என்றால் நெட்டால் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேருக்கும் ஆளுக்கு ஓர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். மலாயாவுக்குக் கங்காணி பின்னால் போன என் பாட்டனாருக்கு இப்படி எதுவும் இல்லை. கங்காணிக்குப் பட்ட கடன் மட்டும் இருந்தது.

படிக்கும்போது எச்சரிக்கை. கிராமத்தின் பெயரைச் சொன்னவர் தமிழில் சொன்னார், எழுதியவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். வாய்விட்டு உரக்கப் படித்தால் பாதி ஊர் பிடிபடும். சாதிக் கட்டத்தை ஒரு குறிப்பாக மட்டும் வையுங்கள்; கப்பலேறுவதற்காக மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. தகப்பன் பெயர்தான் முக்கியம். அங்கே தகப்பனின் பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது நிறைய. முனுசாமி, கோவிந்தசாமி என்று குடும்பப் பெயர் இருந்தால் அது ஒரு மனிதர், வம்சம் அல்ல.

#23 வடஆர்க்காட்டான் · ஜூன் 2, இரவு 10:10

டர்பன் அம்மையாருக்கு எழுதினேன். பெரிய தாத்தா கதையை எழுதவில்லை, எண்களை மட்டும் எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. அவருடைய அப்பாவின் தாத்தாவுக்குக் கொடுத்த பழைய சான்றிதழ் ஒன்று வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதில் எண் இருக்கிறது. பட்டியலில் தேடினோம். வந்த ஆண்டு 1897. ஜில்லா வட ஆர்க்காடு. கிராமத்தின் பெயரை ரப்பர்தோட்டம் சொன்னபடி உரக்கப் படித்தேன், மூன்றாம் முறை படித்தபோது சமையலறையிலிருந்து மனைவி அந்த ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டாள். எங்கள் ஊரும் இல்லை, அம்மாவின் ஊரும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், ஏரிக்கரையில் இருக்கிறது. என் கொள்ளுப் பாட்டிகளில் ஒருத்தி அங்கிருந்து வந்தவள் என்று அத்தை சொல்கிறார்.

1897இல் பெரிய தாத்தாவுக்கு எட்டு வயது இருந்திருக்கும். ஆகவே இவர் அவர் இல்லை.

#24 மீனம்பாக்கம் · ஜூன் 2, இரவு 10:30

ஐந்து மாதம் கழித்து ஆள் மாறிவிட்டாரா? எனக்கே அழுகை வருகிறது.

#25 கொடிவழி · ஜூன் 3, அதிகாலை 4:30

கண்ணைத் துடையுங்கள் அண்ணா. அந்த அம்மையாருக்குக் கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேர். ஒருவரின் காகிதம்தான் கிடைத்திருக்கிறது. மற்ற ஏழு பேரின் எண்ணையும் கேளுங்கள் ஐயா. அத்தையின் 109 அந்த எட்டில் எவர் வழியாக வந்தது என்று நமக்கு இன்னும் தெரியாது.

#26 ஆய்வகத்தாள் · ஜூன் 3, காலை 9:00

பெரிய தாத்தாவைத் தேடுவதற்கு வேறு கருவி இருக்கிறது. நாம் இத்தனை நாள் குழம்பியது எல்லா வழியும் கலந்து வரும் குரோமோசோம்களில். ஒய் குரோமோசோம் கலக்காது. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். தாத்தா அக்காள் மகளைக் கட்டினாலும், ஒரே பந்தலில் பத்துக் கல்யாணம் நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. நம் மொழியில் சொன்னால் அது பங்காளிகளை மட்டும் பார்க்கும், மாமன் மச்சானை வாசலோடு நிறுத்திவிடும். தாத்தாவும் பெரிய தாத்தாவும் உடன்பிறந்தவர்கள், ஆகவே அவருக்கு மகன் வழிப் பேரன் இருந்தால் உங்கள் ஒய்யும் அவர் ஒய்யும் ஒன்று. நீங்கள் அந்தச் சோதனையைச் செய்து வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்தது என்று அது துல்லியமாகச் சொல்லாது. பங்காளியா இல்லையா என்று சொல்லும்.

#27 வடஆர்க்காட்டான் · ஜூன் 21, மாலை 7:20

செய்ய அனுப்பிவிட்டேன். டர்பன் அம்மையாருக்கும் எழுதினேன்: 1909 முதல் 1911 வரை வந்த யாராவது அவர்கள் குடும்பத்தில் இருந்தால், அந்த வழியில் ஓர் ஆண் வாரிசு சோதனை செய்ய வேண்டும் என்று. தன் அம்மாவின் தாத்தா அந்த ஆண்டுகளில் வந்தவர், எண் தேடுகிறேன், "அங்கிள்" ஒருவர் சம்மதித்துவிட்டார் என்று பதில் எழுதியிருந்தார்.

எந்த அங்கிள்? அம்மாவின் அண்ணனா, அத்தையின் கணவரா, அப்பாவின் தம்பியா? நான் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், எனக்கே புரியவில்லை. கடைசியில் பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் வட்டமும் கட்டமும் போட்டு, ஆண்களை மட்டும் தடித்த கோட்டால் இணைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். இன்று காலை அவரும் அதே படத்தில் ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருந்தார், ஆனால் சொல் நம்முடையது: "மாமா".

அம்மாவின் அண்ணன். அம்மாவின் தாத்தா, அந்த அம்மாவுக்கு அப்பாவைப் பெற்றவரா, அம்மாவைப் பெற்றவரா என்று கேட்டிருக்கிறேன். அப்பாவைப் பெற்றவர் என்றால் மாமாவே போதும்.